வாய் மூடிய தெரு

அத்தியாயம் பதினான்கு

“தட்டை நான்தான் தூக்குவேன்” என்று சொல்லிவிட்டு அத்தா அறைக்கதவைச் சாத்திக்கொண்டார் அல்லவா, அந்தக் கதவு மறுநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குத்தான் திறந்தது.

மறுநாள் என்பது சாதாரண நாள் இல்லை. என் அண்ணன் தௌபீக்கின் நிச்சயம்.

போடியில் எங்களைப்போல ஏலக்காய் வியாபாரம் பார்க்கிற குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டுக்குப் போகிற சீர்த்தட்டுகளில் முதல் தட்டு ஏலக்காய்த் தட்டு. அதை மாப்பிள்ளையைப் பெற்ற அத்தா தன் கையால் தூக்கி, தன் காலால் நடந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பழமும் இனிப்பும் காரில் வரலாம். காய் நடந்துதான் வரும்.

என் அத்தா அல்லா பிச்சைக்குப் பார்க்கின்சன் நோய். வலது கை நடுங்கும். நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று பாதம் இரண்டும் தரையோடு பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். மனம் போ என்று சொல்லும், கால் கேட்காது.

அதனால் அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா சிக்கந்தர், முந்தின நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். தட்டை அவர் தூக்குவார். அத்தா காரில் உட்கார்ந்து வந்தால் போதும்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது பிசியோதெரபி. வேலை தேனியில், இதே நோய்க்காரர்களை நடக்க வைக்கிற ஒரு கிளினிக்கில். பெரியத்தாவுக்கு அது ‘கால் அமுக்கிவிடுற படிப்பு’. நான் மதுரைக்குப் படிக்கக் கிளம்பிய அன்று வைத்த பெயர். இன்றுவரை மாற்றவில்லை.

காலையில் அவர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அம்மா டீ கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை உயர்த்திப் பார்த்தார்.

“பாத்துமுத்து, ஏலக்கா வியாபாரி வீட்டு டீயில ஏலக்காயக் காணோமே. எல்லாத்தையும் சம்பந்தி வீட்டுக்குக் கட்டி வச்சுட்டியா?”

“நல்லாக் கேட்டீங்க. கை நெறயத் தட்டிப் போட்டிருக்கேன், தெருமுனை வரைக்கும் மணக்குது” என்றாள் அம்மா. முகம் சுருங்கிவிட்டது.

“அது கெடக்கட்டும். காரு சொல்லியாச்சா?”

“காரு எதுக்கு? அத்தா நடந்து வர்றாங்க” என்றேன்.

“ஏ புள்ள, உன் கால் அமுக்குற படிப்ப தேனியோட வச்சுக்க. பொண்ணு வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு நிக்கையில உங்க அத்தா தட்டோட விழுந்தான்னா, காய் மட்டுமா சிதறும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அறையிலிருந்து அத்தா வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. சட்டைப் பொத்தானை அவரே போட்டிருந்தார். ஒன்று மாறிப்போயிருந்தது. நான் சொல்லவில்லை.

“அண்ணே, உங்க பேச்ச நான் என்னைக்கும் மீறுனதில்ல. இது ஒண்ண மட்டும் எனக்கு விட்டுருங்க.”

“நடுவழியில நின்னுட்டா?”

“நின்னா நீங்க தட்ட வாங்கிக்கங்க. நான் ஒண்ணும் சொல்லல.”

பெரியத்தா தம்பியின் காலைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். “சரி. நின்னா தட்டு எனக்கு.”

பந்தயம் முடிவானது.

*

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடியிலேயே அமைதியான தெரு அதுதான். அந்த அமைதி தானாக வந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், சுருளிவேல் அண்ணன் டீக்கடை எதிரே அத்தா நடந்து போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ “பாய்!” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பினார், விழுந்தார். நெற்றியில் தையல். பேசிக்கொண்டே நடக்க வேண்டாம், கவனம் முழுக்கக் காலிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். அந்த நேரத்துக்கு அது சரியான பேச்சுதான்.

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். வீடு வீடாக, கடை கடையாகப் போய், “எங்க வீட்டு மனுசர் வெளிய வந்தா கொஞ்சம் சத்தமில்லாம இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கேட்டுக்கொண்டாள். தெரு கேட்டது. அத்தா வாசலில் கால் வைத்தால் சுருளிவேல் அண்ணன் பாட்டை நிறுத்துவார். பூண்டு விற்கிற அய்யம்மாள் அக்கா கூவலைப் பாதியிலேயே விழுங்குவாள். பைக்கில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். ஒருத்தரும் ஸலாம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

எல்லாம் பிரியம்தான். ஆனால் உயிரோடு இருக்கிற மனிதருக்குத் தினமும் மௌன அஞ்சலி செலுத்தினால் அவர் எத்தனை நாளைக்கு வாசலுக்கு வருவார்? அத்தா வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்.

எனக்கு இந்தப் பிரியத்தின் மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை.

எங்கள் கிளினிக்கில் விஆர் கண்ணாடி வாங்கினார்கள். கண்ணை மறைத்து மாட்டிக்கொள்கிற பெட்டி. மாட்டினால் நாம் வேறொரு இடத்தில் இருப்போம். நிற்பது என்னவோ கிளினிக் அறையில், இரண்டு கம்பிகளுக்கு நடுவே, இடுப்பில் பெல்ட்டோடு. அத்தாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் மாட்டிவிட்டேன்.

“யாசு, இது எந்த ஊரு?”

“ஏதோ வெளிநாடு அத்தா. நடங்க. பச்சைப் பந்து வந்தாச் சொல்லுங்க.”

கொஞ்சம் நடந்தார், நின்றார். “ஒரு மனுசன்கூட என்னப் பாத்து ‘என்னண்ணே’ங்கல. இந்த ஊர்ல நடந்து நான் எங்க போக?”

என்னோடு வேலை பார்க்கிற யோகராஜ் அதைக் கேட்டுச் சிரித்தான். மறுநாள் சுற்றிலும் படம் பிடிக்கிற கேமரா ஒன்றை ஹெல்மெட்டில் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தான். அத்தா வீட்டுக்குள் தூங்குகிற நேரம். அதாவது, தெருவுக்கு வாய் இருக்கிற நேரம்.

அடுத்த முறை அத்தா கண்ணாடியை மாட்டியபோது அசையாமல் நின்றார். பயந்துவிட்டேன். பெட்டிக்குள் சுருளிவேல் அண்ணன் கடைப் பாட்டு அலறியது. அய்யம்மாள் அக்கா பூண்டு, சின்ன வெங்காயம் என்று தொண்டை கிழியக் கூவினாள். மலையிலிருந்து இறங்கிய ஜீப்பு ஹாரன் அடித்தது.

“அடேயப்பா” என்றார் அத்தா. “ரெண்டு வருசமா இவுக எல்லாம் எங்கிட்டுப் போயிருந்தாக?”

அன்றிலிருந்துதான் எங்கள் உண்மையான வேலை தொடங்கியது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யப் பழக்குவது. நாம் நடக்கும்போது நடையைப் பற்றி நினைப்பதில்லை. கால் தானாகப் போகும், வாய் ஊர்வம்பு பேசும். இந்த நோயில் அந்தத் ‘தானாக’ குறைந்துபோகிறது. ஒவ்வொரு அடியையும் நினைத்து எடுத்து வைக்க வேண்டும். நினைப்பு வேறு பக்கம் போனால் கால் நின்றுவிடும். அதற்காக வாழ்நாள் முழுக்கப் பேச்சை நிறுத்தி வைக்க முடியுமா? விழாதபடி பெல்ட் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக, நடையையும் பேச்சையும் சேர்த்துச் சேர்த்துப் பழக்க வேண்டும். அப்புறம் கையில் தட்டு. தட்டில் முதலில் ஒன்றுமில்லை, பிறகு காய்.

முதலில் எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னேன். எண்ணும் நின்றது, காலும் நின்றது. ஒருநாள் எரிச்சலில், “நம்ம போடிமெட்டுக் காயவிட குமுளிக் காய்தான் ஒசத்தின்னு யோகராஜ் சொல்றான் அத்தா” என்றேன்.

“எவன் சொன்னது? அவனக் கூப்புடு!”

கூப்பிடக் காத்திருக்கவில்லை. திட்டிக்கொண்டே நடந்தார். யோகராஜ் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் நடந்தார். கால் ஒருமுறைகூட ஒட்டவில்லை.

அத்தாவுக்கு மருந்து பிடிபட்டுவிட்டது. மாத்திரை வேளாவேளைக்கு வேண்டும், பெல்ட் வேண்டும், கண்ணாடி வேண்டும். கூடவே ஏலக்காயைப் பற்றி யாராவது தப்பாகப் பேசவும் வேண்டும்.

நோய் போய்விடவில்லை. போகவும் போகாது. கண்ணாடி மந்திரமும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் அத்தா தட்டோடு எங்கள் தெருவைக் கடந்து போய், பெண் வீட்டு முக்கு வரை வந்துவிட்டார். நிஜத் தெரு மட்டும்தான் பாக்கி.

மதியம் தௌபீக்கைத் தனியாகப் பிடித்தேன்.

“அண்ணே, தெருவுல போய்ச் சொல்லிட்டு வா. இன்னைக்கு யாரும் வாய மூடக்கூடாது. எப்பவும்போலக் கத்தட்டும். அத்தா அந்தச் சத்தத்துலதான் பழகியிருக்காங்க.”

போனான். வந்தான்.

“சொல்லிட்டியா?”

“எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்” என்றான், சுவரைப் பார்த்து. புது மாப்பிள்ளை வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

*

மாலை அஸர் தொழுகை முடிந்தது. மாத்திரை வேலை செய்யத் தொடங்குகிற நேரம் பார்த்துக் கிளம்பினோம். பித்தளைத் தட்டு, வெள்ளைத் துணி, அதன்மேல் குவியலாகப் பச்சைக் காய். எட்டு எம்எம், உருண்டு திரண்ட முதல் ரகம். வாசம் வாசலிலேயே ஆளைத் தூக்கியது.

அத்தா தட்டை வாங்கிக்கொண்டார். இடப்பக்கம் நான், அவர் இடுப்புக்குப் பின்னால் என் கை. தொடாது, ஆனால் அங்கேயே இருக்கும். பின்னால் பெரியத்தா. அதற்கும் பின்னால் அம்மாவும் மற்ற பெண்களும் பழத்தட்டு, இனிப்புத் தட்டுகளோடு. தௌபீக் கடைசியில்.

படி இறங்கினோம்.

தெருவில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். டீக்கடையில் பாட்டு இல்லை. சுருளிவேல் அண்ணன் பாய்லர் மூடியைப் பூப்போல எடுத்து வைத்தார். அய்யம்மாள் அக்கா வண்டியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். மலைத்தோட்டத்து வேலை முடிந்து ஆட்களோடு இறங்கிய ஜீப்பு ஒன்று நடுத்தெருவில் என்ஜினை அணைத்துவிட்டு நின்றது. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் உதட்டில் விரல் வைத்திருந்தார்கள்.

எல்லாக் கண்ணும் ஒரே இடத்தில். அத்தாவின் பாதத்தில்.

திரும்பிப் பார்த்தேன். தௌபீக் தலையைக் குனிந்துகொண்டான்.

“என்னடா சொன்ன இவுகள்ட்ட?” மரியாதையெல்லாம் போய்விட்டது.

“சத்தமே போட வேணாம்னு சொல்லிட்டேன் யாசு. பயந்துட்டேன். அத்தா விழுந்துருவாங்களோன்னு...”

அத்தா நடந்தார். ஒவ்வொரு அடியையும் அவரும் பார்த்தார், தெருவும் பார்த்தது. பார்க்கப் பார்க்க அடி சிறியதானது. சுருளிவேல் அண்ணன் கடை எதிரே, அன்று விழுந்த அதே இடத்தில், பாதம் ஒட்டிக்கொண்டது.

முழங்கால் நடுங்கியது. கை நடுங்கியது. பித்தளையில் காய்கள் கிலுகிலுவென்று ஆடின. அந்தத் தெருவில் அப்போது கேட்ட சத்தம் அது ஒன்றுதான்.

பெரியத்தா முன்னால் வந்தார். தட்டின் விளிம்பைப் பிடித்தார். அவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை. கண் கலங்கியிருந்தது. அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

“போதும்ப்பா அல்லா பிச்சை. குடு.”

அத்தா தட்டை விடவில்லை. ஆனால் விரல்கள் தளர்வதைப் பார்த்தேன்.

அவ்வளவுதான். என் தொண்டை திறந்துகொண்டது.

“ஏன் எல்லாரும் மய்யித்து வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? எங்க அத்தா உசுரோடதான் வர்றாங்க! பையனுக்கு நிச்சயம் பண்ணப் போறாங்க! வாயத் தொறங்க! சுருளிவேல் அண்ணே, உங்க பாட்டு எங்க? அய்யம்மாக்கா, உங்க தொண்டைக்கு என்ன வந்துச்சு? அவங்க காலப் பாக்காதீங்க, மூஞ்சியப் பாத்துப் பேசுங்க! நல்லதாப் பேசக்கூட வேணாம். ஏதாச்சும் தப்பாப் பேசுங்க!”

நான் கத்தியது எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

சுருளிவேல் அண்ணன் என்னைப் பார்த்தார். அத்தாவைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைச் செருமினார்.

“என்னண்ணே... எட்டு எம்எம்முன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, ஏழத் தூக்கிட்டுப் போறாப்புல இருக்கு?”

அத்தாவின் தலை நிமிர்ந்தது.

“என்னது?”

“இல்ல, இங்க இருந்து பாக்கையில பொடிக்காயாத் தெரியுது.”

“எவன்டா பொடிக்காய்ங்கிறது? சல்லடையக் கொண்டா! இப்பச் சலிப்போம்! ஒத்தக் காய் கீழ எறங்குச்சுன்னா நான் இந்த யாவாரத்தையே விட்டுர்றேன்!”

இதைச் சொல்வதற்கு அத்தா அவர் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பினார். பாதம் எழுந்தது. பெரியத்தாவின் கையிலிருந்து தட்டு தானாக விலகிப் போனது.

அய்யம்மாள் அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். “அதெல்லாம் இல்ல பாய், பச்சைச் சாயம் போட்ட காய்னு நான் கேள்விப்பட்டேன்!”

“உன் பூண்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சியா, என் காய்க்குச் சாயம் அடிக்க?”

தெரு வெடித்தது. ஜீப்பிலிருந்து ஒரு பெண், “பாய், குமுளிக் காய்தானே அது?” என்று கத்தினாள். டிரைவர் என்ஜினைப் போட்டு ஹாரனை அழுத்தினார். கடைப் பாட்டு அலறியது. இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டினார்கள். ஸலாம் சொன்னார்கள், வம்புக்கு இழுத்தார்கள், போன வருசக் காயா என்று கேட்டார்கள். அத்தா ஒருத்தரையும் விடவில்லை. வலப்பக்கம் ஒரு பதில், இடப்பக்கம் ஒரு திட்டு, நடுவில் ஒரு அடி. என் கை அவர் இடுப்புக்குப் பின்னால் வெறுமனே கூடவே போனது.

ஒரு கட்டத்தில் பெரியத்தாவுக்கே பொறுக்கவில்லை. “என் தம்பி தட்டுல ஏழு எம்எம்மா? யாருடா அது, முன்னால வாங்கடா!” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்கு இறங்கிவிட்டார்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அவள் கேட்டு வாங்கிய மௌனம் அவள் கண்ணெதிரே சுக்குநூறாகப் போனது. அவளுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பெண் வீட்டு வாசலில் மட்டும் அத்தா மறுபடி நின்றார். உயரமான வாசல்படி. வாசலும் படியும் இந்த நோய்க்கு ஆகாத இடங்கள். சம்பந்தியம்மா “வாங்க, வாங்க” என்றார். கால் யோசித்தது. கத்துவதற்குத் தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை.

அப்போது உள்ளறை ஜன்னலிலிருந்து ஒரு குரல். முக்காட்டுக்குள் பாதி முகம். மணப்பெண் ஹசீனா.

“மாமா! அது ஏழு எம்எம்முன்னு தெருவே பேசிக்கிறாங்களே, நெசமா?”

அத்தா சிரித்துவிட்டார். “வா வா, உனக்கும் சல்லடை வாங்கித் தர்றேன்!” என்று சொல்லிக்கொண்டே படியைத் தாண்டினார். தட்டு சம்பந்தியின் கைக்குப் போனது. ஒரு காய்கூடச் சிதறவில்லை.

தௌபீக்கிடம் சொன்னேன்: “உனக்கு இந்தப் பொண்ணு ரொம்ப அதிகம்.”

“தெரியும்” என்றான். முகமெல்லாம் கண்ணீர்.

*

தட்டு கூடத்தைச் சுற்றி வந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து மோந்தார்கள். “அல்லாவே, என்ன வாசம்!” என்றார் சம்பந்தியம்மா. ஒரு குழந்தை தும்மியது.

பெரியத்தா ஒரு கை அள்ளினார். மூக்கருகே கொண்டுபோனார். நெற்றியைச் சுருக்கினார். உள்ளங்கையில் கசக்கி மறுபடி மோந்தார்.

“காய் பாக்க நல்லாத்தான் இருக்கு. வாசம்தான் இல்ல. நெசமாவே பழைய காயா அல்லா பிச்சை?”

அவரும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அத்தா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அத்தாவின் நோய் கையில் தொடங்கவில்லை. கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்னால் மூக்கில் தொடங்கியது. டீயில் ஏலக்காய் இல்லை என்று அம்மாவோடு தினமும் சண்டை. சளி என்று நினைத்தோம். ஏலக்காய் வியாபாரியின் மூக்கு ஏலக்காயை மறந்துபோனது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல அப்போது எங்கள் வீட்டில் ஒருவரும் படித்திருக்கவில்லை.

காலையில் பெரியத்தா குடித்த டீ நினைவுக்கு வந்தது.

வெறும் மூக்கடைப்பாகவும் இருக்கலாம். அப்படியே இருக்கட்டும். பெரியத்தா கை கழுவ எழுந்து முற்றத்துக்கு நடந்தார். இடது கை வீசி வீசிப் போனது. வலது கை ஆணியில் மாட்டிய சட்டைக் கைபோல வெறுமனே தொங்கியது. நடுக்கம் வருவதற்கு முன் அத்தாவின் கையும் இப்படித்தான் தொங்கியது.

அத்தா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். “யாசு, உங்க கிளினிக்குல அந்தக் கண்ணாடி ஒண்ணுதான் இருக்கா?”

கை கழுவிவிட்டுத் திரும்பிய பெரியத்தா என்னை முறைத்தார். “என்ன புள்ள, என்னையவே பாத்துக்கிட்டு இருக்க?”

“ஒண்ணுமில்ல பெரியத்தா. நாளைக்குக் காலையில என்கூட தேனிக்கு பஸ்சுல வாங்க.”

“எதுக்கு?”

“கால் அமுக்கிவிடுறேன்.”